நுரையீரலைச் சுற்றிக் கட்டும் சீழ்

நிமோனியா முற்றி மருத்துவமனையில் சேர்பவர்களில் நூற்றுக்கு இருபது முதல் நாற்பது பேருக்கு, நுரையீரலுக்கு வெளியே, நெஞ்சுக்கூட்டின் உட்புறத்தில் நீர் கோத்துக்கொள்கிறது. பெரும்பாலோருக்கு அது நிமோனியா ஆறும்போது தானாக வற்றிவிடும். சிலருக்கு மட்டும் கிருமிகள் அந்த நீருக்குள் இறங்கிப் பெருகி அதைச் சீழாக்கிவிடுகின்றன. மருத்துவர்கள் இதை எம்பையீமா என்பார்கள். மருந்து மட்டும் கொடுத்துக் காத்திருந்தால் பெரும்பாலும் தீராத தொற்று இது. கட்டிய சீழை வெளியே எடுத்தாக வேண்டும், சுருங்கிய நுரையீரல் மறுபடி விரிந்தாக வேண்டும். எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோம் என்பதைப் பொறுத்தே ஊசியோடு முடியுமா, குழாயோடு முடியுமா, அறுவை வரை போகுமா என்பது அமைகிறது.

ஒவ்வொரு நுரையீரலையும் புளூரா என்ற மெல்லிய உறை இரண்டு படலமாகச் சூழ்ந்திருக்கிறது. ஒரு படலம் நுரையீரலின் மேலேயே ஒட்டியிருக்கும். மற்றது விலா எலும்புகளின் உட்புறத்தையும் உதரவிதானத்தின் மேற்புறத்தையும் மூடியிருக்கும். இரண்டுக்கும் நடுவே ஆரோக்கியமான ஒருவருக்கு ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய இரண்டு தேக்கரண்டி நீர்தான் இருக்கும். மூச்சு விடும்போது படலங்கள் உராயாமல் வழுக்கிச் செல்ல அது போதும். இந்த நீர் ஓயாமல் ஊறுகிறது. ஊறிய வேகத்திலேயே விலாப்புறப் படலத்தில் உள்ள நிணநாளங்கள் வழியே வடிந்துவிடுகிறது. இன்னொன்றும் கவனிக்கத் தக்கது: அந்த இடைவெளியின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறைவு. நுரையீரல் சுருங்கிவிடாமல் விரிந்தே இருப்பதற்கு அந்தக் குறைவுதான் காரணம். நெஞ்சில் ஒரு துளை விழுந்து காற்று உள்ளே போனால் நுரையீரல் சுருண்டுவிடும். இதைச் சரியாகப் புரிந்துகொள்ளாததால் மருத்துவ உலகம் ஒரு காலத்தில் பெரிய விலை கொடுத்தது.

நீர் சீழாவது ஒரே இரவில் நடப்பதில்லை. நிமோனியாவால் வீங்கிய நுரையீரலின் ஓரத்திலிருந்து முதலில் தெளிந்த நீர் கசிகிறது. அதில் கிருமி இருக்காது. சர்க்கரை அளவும் கார அமிலத் தன்மையும் ஏறக்குறைய இயல்பாகவே இருக்கும். இந்த முதல் சில நாள்களில் சரியான ஆன்டிபயாடிக் கிடைத்தால் குழாயே தேவைப்படாமல் போகலாம். சிகிச்சை தாமதமானால், அல்லது மருந்து அந்தக் கிருமிக்குப் பொருந்தாமல் போனால், கிருமிகள் நீருக்குள் நுழைந்துவிடுகின்றன. அவற்றை எதிர்க்க வெள்ளணுக்கள் திரள்கின்றன. இரு தரப்பும் சர்க்கரையைத் தின்று அமிலத்தை வெளிவிடுவதால் நீரில் சர்க்கரை குறைந்து அமிலம் கூடுகிறது. இரத்தத்தை உறைய வைக்கும் ஃபைப்ரின் என்ற புரதம் இழைகளாகப் படிந்து, திரவத்தைத் தனித்தனி அறைகளாகத் தடுத்துவிடுகிறது. அல்ட்ராசவுண்ட் திரையில் அது தேனடையைப் போலத் தெரியும். இந்த நிலையில் ஓர் அறையில் குழாய் விட்டால் அந்த அறை மட்டுமே காலியாகும். இரண்டு மூன்று வாரங்கள் கடந்தால் நார்த்திசு வளர்ந்து தடித்த தோலாக நுரையீரலைப் பொதிந்து கட்டிவிடும். அதற்குப் பிறகு சீழை எடுத்தாலும் நுரையீரல் விரியாது. இந்த மூன்று கட்டங்களை அமெரிக்க மார்பு நோயியல் சங்கம் 1962இல் வகுத்தது; இன்றைய சிகிச்சை முறை முழுவதும் இந்தப் பகுப்பின் மேல்தான் நிற்கிறது.

சீழுக்குக் காரணமான கிருமி எது என்பது நோயாளி யார், தொற்று எங்கிருந்து வந்தது என்பதைப் பொறுத்தது. வீட்டிலிருந்து நிமோனியாவோடு வருபவர்களிடம் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகள் முன்னே நிற்கின்றன: நிமோனியாவுக்குப் பேர்போன நியூமோகாக்கஸ் ஒன்று, வாயில் குடியிருக்கும் மில்லரி குழு இன்னொன்று. ஆக்சிஜன் இல்லாமல் வாழும் கிருமிகளும் வாயிலிருந்தே வருகின்றன. சொத்தைப் பல்லும் ஈறு நோயும் உள்ளவர், குடித்துவிட்டு நினைவிழந்தவர், வலிப்பு வந்தவர், பக்கவாதத்தால் விழுங்க முடியாதவர் ஆகியோருக்கு வாய்நீர் தப்பித் தவறி நுரையீரலுக்குள் இறங்கும்போது இவையும் கூடவே இறங்குகின்றன. அந்தச் சீழில் அழுகல் நாற்றம் வீசும். நாற்றத்தை வைத்தே மருத்துவர் கிருமியின் வகையைச் சொல்லிவிடலாம். சர்க்கரை நோயாளிகளிடம், குறிப்பாக ஆசிய நாடுகளில், கிளெப்சியெல்லா அடிக்கடி காணப்படுகிறது. மருத்துவமனையில் இருக்கும்போதே தொற்றியதென்றால் மருந்துக்கு அடங்காத ஸ்டஃபைலோகாக்கஸையும் சூடோமோனாஸையும் நினைத்தாக வேண்டும்.

எல்லாம் நிமோனியாவிலிருந்துதான் வரும் என்றில்லை. நெஞ்சில் கத்திக்குத்து, விபத்துக் காயம், நுரையீரல் அல்லது உணவுக்குழாய் அறுவை, வாந்தியின் வேகத்தில் உணவுக்குழாய் கிழிவது ஆகியவையும் வழி திறந்துவிடும். நம் நாட்டில் மறக்கக் கூடாத ஒன்று கல்லீரலில் கட்டும் அமீபா சீழ்க்கட்டி. அது உதரவிதானத்தைத் துளைத்துக்கொண்டு மேலே வலப்பக்கம் வெடித்தால், சாக்லேட் நிறத்தில் கெட்டியான திரவம் நெஞ்சை நிரப்பும். அது உண்மையில் சீழ் அல்ல, கரைந்துபோன கல்லீரல் திசு. காசநோயின் பங்கு தனிக்கதை. அது பின்னால் வருகிறது.

அறிகுறிகள் நிமோனியாவின் அறிகுறிகளோடு கலந்தே வருவதால் தொடக்கத்தில் தனியே கண்டுகொள்வது கடினம். காய்ச்சல், இருமல், ஆழமாக மூச்சிழுத்தால் விலாவில் சுருக்கென்று குத்தும் வலி, மூச்சிரைப்பு என்று தொடங்கும். நுரையீரலை ஒட்டிய படலத்துக்கு வலி தெரியாது. விலாப்புறப் படலத்துக்குத்தான் தெரியும். உதரவிதானத்தின் நடுப்பகுதி எரிச்சல்பட்டால் வலி தோள்பட்டையில் தெரியும். குழந்தைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுவதும் உண்டு. அதைக் குடல்வால் அழற்சி என்று நினைத்து வயிற்று ஸ்கேனுக்கு அனுப்பிய பிறகே நெஞ்சில் நீர் இருப்பது தெரியவரும். தெளிவான தடயம் ஒன்று உண்டு. நிமோனியாவுக்குச் சரியான ஆன்டிபயாடிக் கொடுத்து இரண்டு மூன்று நாள்கள் ஆகியும் காய்ச்சல் இறங்கவில்லை என்றால், அடுத்த மருந்துக்கு மாறுவதற்கு முன் நெஞ்சில் நீர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முதியவர்களிடமும், வாய்க் கிருமிகளால் வந்த தொற்றிலும் காய்ச்சலே தலைகாட்டாமல் போகலாம். வாரக்கணக்கில் உடல் இளைப்பு, பசியின்மை, சோர்வு, இரத்தச்சோகை என்று நோய் ஒளிந்திருக்கும். காசநோய் என்றோ புற்றுநோய் என்றோ சந்தேகப்பட்டு வருபவர்களில் சிலருக்குக் கடைசியில் இதுதான் தெரியவரும்.

மருத்துவர் முதுகில் விரலால் தட்டிப் பார்க்கும்போது காற்று நிறைந்த பக்கம் ஒலிக்கும். நீர் கோத்த பக்கம் மந்தமாகும். ஸ்டெதஸ்கோப்பில் அங்கே மூச்சொலி கேட்காது. நின்றபடி எடுக்கும் எக்ஸ்ரேயில் விலாவும் உதரவிதானமும் சேரும் கூர்மையான மூலை மழுங்கித் தெரிவதற்கே ஏறக்குறைய 200 மில்லிலிட்டர் நீர் சேர்ந்திருக்க வேண்டும். அதைவிடக் குறைவான நீரையும் அல்ட்ராசவுண்ட் காட்டிவிடும், அறைகள் உண்டா என்றும் சொல்லும், ஊசி குத்தும் இடத்தையும் அடையாளம் காட்டும். சி.டி. ஸ்கேன் சிக்கலான நிலைகளுக்கு உரியது. நுரையீரலுக்குள்ளேயே சீழ்க்கட்டியா, உறைக்குள் சீழா என்று பிரித்தறிய உதவும். இந்த இரண்டையும் பிரித்தறிவது வெறும் பெயர்ப் பிரச்சினை அல்ல. நுரையீரல் சீழ்க்கட்டிக்குப் பெரும்பாலும் மருந்து போதும், குழாய் கூடாது. உறைக்குள் கட்டிய சீழுக்குக் குழாய் இல்லாமல் ஆகாது.

தீர்ப்பை எழுதுவது ஊசியில் எடுத்த நீர்தான். சீழாகவே வந்தால் வேறு சோதனைக்குக் காத்திருக்கத் தேவையில்லை. தெளிந்தோ சற்றுக் கலங்கியோ வந்தால் அதன் பி.எச். அளவு 7.2க்குக் கீழே இருந்தாலோ, சர்க்கரை 60 மில்லிகிராமுக்குக் குறைந்திருந்தாலோ, நுண்ணோக்கியில் கிருமி தெரிந்தாலோ குழாய் வைப்பது வழக்கம். பி.எச். அளக்கும் முறையில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஊசிக்குழலில் காற்று தங்கினாலும், மரத்துப்போகப் போட்ட மருந்து கொஞ்சம் கலந்தாலும் எண் பொய் சொல்லும். எடுத்த மாதிரியை உடனே இரத்த வாயுக் கருவியில் வைக்கும் மருத்துவமனைகளில்தான் அந்த எண்ணை நம்ப முடியும். பல நோயாளிகளுக்குக் கிருமி வளர்ப்புச் சோதனை வெறுமையாகவே வரும், ஆன்டிபயாடிக் ஏற்கெனவே தொடங்கிவிட்டதால். நீரின் ஒரு பகுதியை இரத்தக் கிருமி வளர்ப்புக்கான பாட்டிலிலேயே ஊற்றி அனுப்பினால் கிருமி கிடைக்கும் வாய்ப்பு கூடும்.

சீழை வெளியே எடுக்க வேண்டும் என்பது 20ஆம் நூற்றாண்டின் கண்டுபிடிப்பு அல்ல. நோயாளியின் தோளைப் பிடித்துக் குலுக்கி நெஞ்சில் நீர் அலம்பும் ஓசையைக் கேட்பதையும், விலா எலும்புகளுக்கு இடையில் கீறிச் சீழை வடிப்பதையும் கிரேக்க நாட்டில் ஹிப்போகிரட்டீஸ் மரபினர் எழுதி வைத்திருக்கிறார்கள். வடிப்பதில் தகராறு இல்லை; காற்றை உள்ளே விடாமல் வடிப்பது எப்படி என்பதுதான் பல நூற்றாண்டுகள் பிடிபடாமல் இருந்தது. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகர மருத்துவர் கோட்ஹார்ட் பியூலாவ் நெஞ்சிலிருந்து வரும் குழாயின் மறுமுனையை நீருக்குள் மூழ்க வைத்தார். சீழ் வெளியேறும், காற்று திரும்பிப் போகாது. 1891இல் அவர் இதை வெளியிட்டார். ஆனாலும் விலா எலும்பின் ஒரு துண்டை வெட்டியெடுத்து நெஞ்சை அகலத் திறந்துவிடும் பழக்கம் அறுவை மருத்துவர்களிடம் நீடித்தது.

அந்தப் பழக்கத்தின் விலை முதல் உலகப்போரின்போது தெரிந்தது. 1917–18இல் அமெரிக்க ராணுவ முகாம்களில் தட்டம்மையும் அதைத் தொடர்ந்து ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நிமோனியாவும், பின்னர் இன்ஃபுளுயன்சாவும் பரவின. நீர் சில நாள்களுக்குள் நெஞ்சை நிரப்பியது. மருத்துவர்கள் வழக்கப்படி உடனே விலாவை வெட்டித் திறந்தார்கள். சராசரியாக நூற்றுக்கு முப்பது பேர் இறந்தார்கள். சில முகாம்களில் அதைவிட மிக மோசம். ராணுவம் எம்பையீமா குழு ஒன்றை அமைத்தது. வர்ஜீனியா மாநிலத்தின் கேம்ப் லீ முகாமில் எவார்ட்ஸ் கிரஹாமும் அவருடைய சகாவான பெல்லும் விலங்குகளில் சோதித்து விடையைக் கண்டார்கள். பழைய நிமோனியாவில் சீழ் கெட்டிப்பட்டு, படலங்கள் ஒட்டிக்கொண்ட பிறகுதான் நெஞ்சைத் திறப்பது வழக்கம். அப்போது காற்று நுழைந்தாலும் நுரையீரல் அசையாது. இந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நோயிலோ நிமோனியா உச்சத்தில் இருக்கும்போதே மெல்லிய நீர் நிறைந்துவிடுகிறது. ஒட்டுதல் எதுவும் ஏற்படவில்லை. அந்த நேரத்தில் திறந்தால் காற்று புகுந்து அந்தப் பக்க நுரையீரல் சுருங்குவதோடு, நெஞ்சின் நடுப்பகுதி நகர்ந்து மறுபக்க நுரையீரலும் நெருக்கப்படுகிறது. தொடக்க நாள்களில் ஊசியால் மட்டும் எடு, பிறகு காற்றுப் புகாத குழாய் வை, நோயாளிக்கு நல்ல உணவு கொடு என்று குழு சொன்னது. இறப்பு நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே இறங்கியது. அப்போது பெனிசிலின் இல்லை, எந்த ஆன்டிபயாடிக்கும் இல்லை என்பதை நினைத்துப் பார்த்தால்தான் இந்த மாற்றத்தின் பெருமை விளங்கும். கத்தியை வைத்த நேரத்தையும் விதத்தையும் மாற்றியதாலேயே ஆயிரக்கணக்கானவர்கள் பிழைத்தார்கள். இதே கிரஹாம்தான் 1933இல் புற்றுநோய் வந்த ஒரு நுரையீரலை முழுதாக ஒரே அறுவையில் அகற்றி வெற்றி கண்டவர். இன்னொரு பக்கம், நவீன மருத்துவக் கல்விக்கு உருக்கொடுத்த வில்லியம் ஆஸ்லர் 1919 டிசம்பரில், 70ஆவது வயதில், நிமோனியாவும் அதைத் தொடர்ந்த எம்பையீமாவும் கண்டு ஆக்ஸ்ஃபர்டில் இறந்தார்.

இன்றைய சிகிச்சை ஆன்டிபயாடிக்கோடு தொடங்குகிறது. கிருமி எது என்று தெரியும் முன்பே, ஸ்ட்ரெப்டோகாக்கஸையும் ஆக்சிஜன் இல்லாமல் வாழும் கிருமிகளையும் சேர்த்து அடக்கும் மருந்தை ரத்தக்குழாய் வழியே ஏற்றுவார்கள். ஜென்டாமைசின், அமிகாசின் வகைகள் உறைக்குள் சரியாகப் போய்ச் சேர்வதில்லை. அமிலச் சூழலில் வேலையும் செய்வதில்லை. எனவே அவற்றை இங்கே நம்புவதில்லை. காய்ச்சல் இறங்கிய பிறகு மாத்திரைக்கு மாறலாம். மொத்தத்தில் இரண்டு வாரம் முதல் ஆறு வாரம் வரை மருந்து நீளும். தெம்பு வந்துவிட்டது என்று வீட்டில் பாதியில் நிறுத்திவிடுவது இங்கே அடிக்கடி நடக்கும் தவறு.

குழாயை அக்குளுக்குக் கீழே பக்கவாட்டில், ஒரு விலாவின் மேல் விளிம்பை ஒட்டிச் செலுத்துவார்கள். ரத்தக்குழாயும் நரம்பும் ஒவ்வொரு விலாவின் கீழ் விளிம்பை ஒட்டி ஓடுகின்றன. முன்பு பருமனான குழாய்தான் சீழை வடிக்கும் என்ற நம்பிக்கை இருந்தது. ஸ்கேன் பார்த்து மெல்லிய குழாயைச் சரியான இடத்தில் வைத்தால் அதே பலன் கிடைக்கும், வலியும் குறைவு என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. குழாயின் மறுமுனை பாட்டில் நீருக்குள் ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் மூழ்கியிருக்கும். மூச்சுக்கு மூச்சு அந்தக் குழாயில் நீர் மேலும் கீழும் அசைந்தால் குழாய் அடைபடவில்லை என்று பொருள். பாட்டில் எப்போதும் நெஞ்சுக்குக் கீழேதான் இருக்க வேண்டும். நோயாளியை எக்ஸ்ரேக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது பாட்டிலைத் தூக்கி மெத்தை மேல் வைக்கும் உறவினர்களை வார்டு சிஸ்டர்கள் கடிந்துகொள்வது இதனால்தான்; உயரத்தில் வைத்தால் நீர் நெஞ்சுக்குள் திரும்பிப் பாயும். நிறைய நீர் கோத்திருந்தால் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் எடுப்பதும் கூடாது. ஒன்று, ஒன்றரை லிட்டருக்கு மேல் வேகமாக எடுத்தால், நெடுநாள் சுருங்கிக் கிடந்த நுரையீரல் திடீரென்று விரிந்து அதற்குள்ளேயே நீர் கோத்துக்கொள்ளும். நாளொன்றுக்கு வரும் அளவு 50, 100 மில்லிலிட்டருக்குக் கீழே வந்து, எக்ஸ்ரேயில் நுரையீரல் விரிந்திருந்தால் குழாயை எடுத்துவிடலாம்.

அறைகளாகத் தடுபட்ட சீழுக்கு என்ன செய்வது? 1949இல் அமெரிக்காவில் டில்லெட்டும் ஷெரியும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியிலிருந்தே எடுத்த நொதிகளைக் குழாய் வழியே உள்ளே செலுத்திப் பார்த்தார்கள். ஒன்று ஃபைப்ரின் தடுப்புகளைக் கரைத்தது. உடனிருந்த மற்றொன்று இறந்த வெள்ளணுக்களின் டி.என்.ஏ.வைத் துண்டித்தது. சீழைப் பசைபோல் கெட்டியாக்குவது அந்த டி.என்.ஏ.தான். பிற்காலத்தில் ஸ்ட்ரெப்டோகைனேஸைச் சுத்திகரித்துத் தனியே பயன்படுத்தத் தொடங்கினார்கள். பிரிட்டனில் நானூறுக்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கொண்டு நடந்த ஆய்வு 2005இல் வெளிவந்தபோது, அதனால் இறப்பும் குறையவில்லை, அறுவையும் குறையவில்லை என்று தெரிந்தது. 2011இல் அதே குழுவினர், ஃபைப்ரினைக் கரைக்கும் டி.பி.ஏ. மருந்தையும் டி.என்.ஏ.வைத் துண்டிக்கும் நொதியையும் சேர்த்துக் கொடுத்தால் நெஞ்சு தெளிகிறது, அறுவைக்குப் போகிறவர்கள் குறைகிறார்கள், மருத்துவமனையில் தங்கும் நாள்களும் ஏறக்குறைய ஒரு வாரம் குறைகின்றன என்று காட்டினார்கள். இரண்டில் எதைத் தனியே கொடுத்தாலும் பலன் இல்லை. 1949ஆம் ஆண்டுப் பரிசோதனையில் தற்செயலாகச் சேர்ந்திருந்த இரண்டு வேலைகளும் சேர்ந்துதான் பலன் தந்திருக்கின்றன போலும். இந்த மருந்துகள் விலை அதிகம் என்பதால் எல்லா மருத்துவமனைகளிலும் இவை வழக்கத்துக்கு வரவில்லை. குழந்தைகளுக்கு யூரோகைனேஸ் பயன்படுத்தப்படுகிறது.

குழாயும் மருந்தும் ஐந்தாறு நாள்களில் வழிக்குக் கொண்டுவரவில்லை என்றால் அறுவை மருத்துவரை அழைக்க நேரம் வந்துவிட்டது. விலாவுக்கு இடையே சிறு துளைகள் வழியே கேமராவும் கருவியும் செலுத்தி, தடுப்புகளைப் பிரித்து, சீழைக் கழுவி எடுக்கும் முறை இன்று பெரிய மருத்துவமனைகளில் உள்ளது. தோல் தடித்து நுரையீரலைக் கட்டிவிட்டால் நெஞ்சைத் திறந்து அந்தத் தோலை உரித்தெடுக்க வேண்டும். பொறுமை வேண்டிய, இரத்த இழப்பும் உள்ள அறுவை இது. இரண்டு வாரத்துக்கு முன் வந்திருந்தால் வேண்டியிருக்காது என்று மருத்துவர்கள் ஆதங்கப்படுவது பெரும்பாலும் இந்த நோயாளிகளைப் பார்த்துத்தான். அவ்வளவு பெரிய அறுவையைத் தாங்காதவர்களுக்கு ஒரு விலாத்துண்டை எடுத்து நெஞ்சில் நிரந்தரச் சன்னல் வைத்து, வாரக்கணக்கில் கட்டுப் போட்டு ஆற்றுவதுண்டு. லியோ எலோசர் 1935இல் காசநோயாளிகளுக்காக வகுத்த முறை அது. கேட்க அதிர்ச்சியாக இருந்தாலும் பலரை அது காப்பாற்றியிருக்கிறது.

கவனிக்காமல் விட்டால் சீழ் தானே வழி தேடும். விலாவுக்கு இடையே தோலுக்கு வெளியே கட்டியாகக் கிளம்பலாம். மூச்சுக்குழாயைத் துளைத்து, திடீரென்று ஒரு நாள் வாய் நிறையச் சீழாக இருமலில் வரலாம். அப்படி வரும்போது நோயாளியை நோயுள்ள பக்கம் கீழாகப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் சீழ் நல்ல பக்க நுரையீரலுக்குள்ளும் இறங்கிவிடும்.

இந்தியாவில் காசநோயைத் தனியே பேசியாக வேண்டும். காசநோயால் நெஞ்சில் நீர் கோப்பது ஒன்று, காசநோய்ச் சீழ் இன்னொன்று. முதலாவதில் நீர் வைக்கோல் நிறத்தில் தெளிவாக இருக்கும். கிருமி மிகக் குறைவு. பெரும்பாலும் உடலின் எதிர்வினைதான். ஏ.டி.ஏ. என்ற நொதியின் அளவு 40க்கு மேல் இருப்பது நல்ல தடயம். ஆனால் சாதாரணக் கிருமிகளின் சீழிலும் அந்த எண் ஏறுவதால் அதை மட்டும் பார்த்துக் காசநோய் மருந்தைத் தொடங்கிவிடக் கூடாது. ஆறு மாத மருந்து இந்த நீரைப் பெரும்பாலும் வற்றச் செய்துவிடும். காசநோய்ச் சீழ் அப்படியல்ல. நுரையீரலில் காசநோய் குடைந்த குகை உடைந்து கிருமிகள் உறைக்குள் கொட்டி, நாள்பட்டுத் தடித்த தோல் வளர்ந்த நிலை அது. மருந்தோடு குழாயும் அறுவையும் வேண்டியிருக்கும். தாம்பரத்தில் டாக்டர் டேவிட் சௌரிமுத்து காசநோய்ச் சானடோரியம் தொடங்கிய 1928இல் காசநோய்க்கு மருந்தே கிடையாது. உலகெங்கும் நோயுற்ற நுரையீரலுக்கு ஓய்வு கொடுக்க உறைக்குள் காற்றைச் செலுத்திச் சுருங்க வைப்பார்கள். அந்தச் சிகிச்சையே பலருக்குச் சீழை உண்டாக்கியது.

குழந்தைகள் பெரியவர்களைவிட மிக நன்றாகத் தேறுகிறார்கள். அவர்களிடம் நியூமோகாக்கஸும் ஸ்டஃபைலோகாக்கஸும் முக்கியக் காரணம். முன்பு ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுயன்சா வகை பி கிருமியும் பட்டியலில் இருந்தது. அதற்கான தடுப்பு மருந்து அடங்கிய ஐந்து நோய்த் தடுப்பூசியை இந்தியா முதலில் தொடங்கியது தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான், 2011 டிசம்பரில். நியூமோகாக்கஸ் தடுப்பூசி 2017இல் சில மாநிலங்களில் தொடங்கி, 2021இல் நாடு முழுதும் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது. ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம் என்று மூன்று தவணை. பெரியவர்களில் சர்க்கரை நோயாளிகளுக்கும் நாள்பட்ட நுரையீரல் நோயாளிகளுக்கும் இந்தத் தடுப்பூசியை மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள். பல் சுத்தமும் அதே அளவு முக்கியம்.

எம்பையீமா வந்த பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்து அல்லது ஆறு பேரில் ஒருவர் ஓராண்டுக்குள் இறக்கிறார். வயது, சிறுநீரகக் கோளாறு, இரத்தத்தில் ஆல்புமின் குறைவு, மருத்துவமனையில் தொற்றியது ஆகியவை இடர்ப்பாட்டைக் கூட்டுகின்றன. ஆல்புமின் குறைவதற்கு ஒரு காரணம் சீழே: லிட்டர் லிட்டராக வெளியேறும்போது புரதமும் சேர்ந்தே போகிறது. முட்டை, பருப்பு, பால், மீன் என்று உணவைக் கூட்டுவதும், குழாயோடேயே எழுந்து நடக்க வைப்பதும், மூச்சுப் பயிற்சியும் சிகிச்சையின் பகுதி. வலிக்குப் பயந்து மூச்சை அடக்கிப் படுத்திருந்தால் நுரையீரல் விரியாது. வீடு திரும்பிய பிறகும் எக்ஸ்ரேயில் உறை தடித்திருப்பது பல மாதங்கள் தெரியும். குழந்தைகளிடம் அது பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதங்களில் மறைந்துவிடும். அதற்காக மட்டும் அறுவை தேவையில்லை. ஆறேழு வாரத்தில் ஒரு முறை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது நல்லது. புகை பிடிப்பவருக்கும் ஐம்பது வயதைத் தாண்டியவருக்கும், மூச்சுக்குழாயை அடைத்துக்கொண்டு கட்டி ஏதும் இருந்து அதனால் நிமோனியா வந்ததா என்று அந்தச் சமயத்தில் சி.டி. எடுத்து உறுதிசெய்துகொள்வார்கள்.